துருவும் மெருகும்: பழந்துப்பாக்கி ரசனையின் அரசியல் பற்றிச் சில குறிப்புகள்

1

கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறையில் கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு மரக்கட்டை கிடக்கிறது. பார்த்தவுடன் ஒடிந்துபோன ஏர்ச்சாமான் என்றுதான் தோன்றும். கையில் எடுத்தால் தெரிகிறது. தோளில் பொருந்துவதற்கென்று செதுக்கிய வளைவு. கன்னம் படுகிற இடத்தில் வழவழப்பு. ஒரு பக்கம் விரிசல், அதைச் செப்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றியிருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியின் கட்டை அது. குழல் இல்லை, குதிரை இல்லை. கேட்டேன். பட்டறைக்காரர் நிமிராமலே சொன்னார்: "கொழலக் கொண்டுபோயி ஸ்டேசன்ல குடுத்தாச்சு. கட்டைய எவன் கேட்டான்?"

செப்புக் கம்பி யார் சுற்றியது என்று கேட்டேன். "எங்கப்பன்தான். அதப்பத்திப் பேச்சே வேணாம் சார்."

ஒரு கைவினைஞனின் மகன் தன் தகப்பனின் கைவேலையைப் பற்றிப் பேச மறுக்கிறான். இந்த மறுப்பிலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது. பழைய துப்பாக்கிகளைப் பழுது நீக்கி, மெருகேற்றி, பழைய நிலைக்கு மீட்டெடுப்பது மேலைநாடுகளில் மதிப்புள்ள ஒரு கலை. அதற்கென்று ஆசான்கள், நூல்கள், ஏலக் கூடங்கள், அருங்காட்சியகங்கள் எல்லாம் உண்டு. நம்மிடம் அதே வேலை குற்றம், அல்லது குற்றத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஒன்று. ஒரே கைவினை ஓரிடத்தில் ரசனையாகவும் இன்னோரிடத்தில் எப்.ஐ.ஆராகவும் ஆவது எப்படி? 'அங்கே அமைதி, இங்கே வன்முறை' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது பொய் என்பதற்கு வரலாறு இருக்கிறது.

2

முதலில் அந்தக் கலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பார்க்காமலே திட்டுவது நம் விமர்சனத்தின் பழைய வியாதி.

மீட்டெடுப்பவன் முதலில் படிப்பது துருவை. எல்லாத் துருவும் ஒன்றல்ல. சிவந்து பொருபொருவென்று உதிரும் துரு இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை நிறுத்தியாக வேண்டும். கறுத்துப் பழுப்பேறிப் படிந்துவிட்ட துரு வேறு. அது இரும்புக்கு ஒரு தோல் மாதிரி. இரண்டையும் பிரித்தறியாமல் உப்புத்தாள் எடுத்துத் தேய்க்கிறவனை அந்தத் தொழிலில் கொலைகாரன் என்றே நினைப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஆங்கிலத் துப்பாக்கிக் குழல்களின் புகழ்பெற்ற பழுப்பு நிறமே வேண்டுமென்று ஏற்றிய துருதான். இரும்பை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மருந்து பூசி, ஈரக்காற்றில் துருப்பிடிக்க விட்டு, மேல்துருவைத் தேய்த்து எடுத்து, மறுபடி பூசி, இப்படி நாட்கணக்கில் செய்வார்கள். கொதிநீரில் இட்டால் அதே துரு கறுப்பாகும். ஆக மெருகு என்பது கட்டுப்படுத்தப்பட்ட துரு. துரு என்பது கைவிடப்பட்ட மெருகு. நடுவில் இருப்பது ஒரு கையின் கவனம்.

மரத்துக்கும் இதே பொறுமைதான். அமுங்கிப்போன இடத்தைச் சீவி எடுக்கக் கூடாது. ஈரத்துணி போட்டுச் சூடு காட்டினால் நார் உப்பி மேலே எழும். பிறகு ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்ளங்கையால் தேய்த்து ஊறவைக்க வேண்டும். கழற்றிய திருகாணியை அதனதன் துளைக்கே திருப்பிப் போட வேண்டும். பழங்காலத்தில் ஒவ்வொரு திருகாணியும் கையால் மரையிட்டது. ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. இதெல்லாம் வெறும் நுணுக்கமில்லை. பொருளுக்கு முன்னால் கை பணிந்து நிற்கிற ஒரு அறம் இது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அடுத்த கேள்வியில் சிக்கல் தொடங்குகிறது. எந்த நிலைக்கு மீட்பது? செய்து முடித்த அன்றைய நிலைக்கா, கடைசியாகச் சுட்ட அன்றைய நிலைக்கா, கைக்குக் கிடைத்த இன்றைய நிலைக்கா? கட்டடங்களைப் பற்றி எழுதிய ஜான் ரஸ்கின் 1849-இலேயே மீட்டெடுப்பு என்பதே ஒரு பொய் என்று வாதிட்டார். வியோலே லெ துக் அதற்கு நேரெதிர். ஒரு காலத்திலும் இருந்திராத முழுமைக்கும் கட்டடத்தைக் கொண்டுபோகலாம் என்பது அவர் கட்சி. 1963-இல் இத்தாலியரான செசாரே பிராண்டி நடுவழி சொன்னார்: பொருள் கலைப்படைப்பாகவும் இருக்கிறது, வரலாற்றுச் சாட்சியாகவும் இருக்கிறது, ஒன்றுக்காக இன்னொன்றை அழிக்காதே.

துப்பாக்கி விஷயத்தில் இந்த விவாதம் ஒரு இடத்தில் முட்டி நிற்கிறது. கோயிலுக்கும் ஓவியத்துக்கும் இல்லாத ஒன்று துப்பாக்கிக்கு இருக்கிறது. அது ஒருவனை நோக்கி நீட்டப்பட்ட பொருள். அதன் வரலாற்றுச் சாட்சியம் என்பது யார் பிடித்தார்கள் என்பது மட்டுமில்லை. யார் மேல் பிடித்தார்கள் என்பதும்தான். மெருகேற்றும் ரசனை முதல் பாதியைக் காப்பாற்றி, இரண்டாவது பாதியைத் துடைத்துவிடுகிறது.

3

திப்புவின் துப்பாக்கிகளை எடுத்துக்கொள்வோம். நமக்கு அந்நியமானவை அல்ல. கம்பைநல்லூர் உள்ளிட்ட இந்தப் பகுதி பாராமகால் என்ற பெயரில் மைசூர் ஆட்சியில் இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில்தான் கும்பினி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து வரி போட்டார்கள். திப்புவின் பட்டறைகளில் அடித்த துப்பாக்கிகளில் குதிரை புலித்தலையாக இருக்கும். குழலிலும் கட்டையிலும் புலிவரி ஓடும். ஐரோப்பிய விசையமைப்பை உள்வாங்கி, இங்குள்ள கைகள் தம் போக்கில் மாற்றி அடித்தவை. தொழில்நுட்பம் மேற்கிலிருந்துதான் வரும், கிழக்கு அலங்காரம் மட்டும் செய்யும் என்கிற பேச்சுக்கு அவை நேரடி மறுப்பு. மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்த பிறகுதான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார் என்பது பலரும் அறிந்தது.

1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது. கொள்ளை பங்கு போடப்பட்டது. ராபின் விகிங்டன் என்ற ஆங்கிலேயர் இந்தத் துப்பாக்கிகளைத் தேடித்தேடிச் சேகரித்தார்; 1992-இல் திப்புவின் துப்பாக்கிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய சேகரிப்பு 2015 ஏப்ரலில் லண்டனில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் பவுனுக்கு மேல் விலைபோனது. 2023-இல் திப்புவின் வாள் ஒன்று மட்டும் 1 கோடியே 40 லட்சம் பவுனைத் தாண்டியது.

விகிங்டன் போன்றோரின் உழைப்பைச் சும்மா தள்ளிவிட முடியாது. அவர்கள் அளந்து வரைந்து வைத்திராவிட்டால் அந்தப் பெயர் தெரியாத கொல்லர்களின் திறமைக்கு இன்று சாட்சியே இருக்காது. ஆனாலும் இந்த ஏலப் பட்டியல்கள் எழுதப்படும் நடையைக் கவனியுங்கள். வெள்ளிப்பூண், குழல் நீளம், முத்திரை, முந்தைய உடைமையாளர் பெயர். 'இன்னார் குடும்பத்தில் வழிவழியாக' என்று ஒரு வரி வரும். அந்த 'வழிவழி' ஒரு கொள்ளையில் தொடங்குகிறது என்பது அங்கே குறையாகத் தோன்றாது. மதிப்பைக் கூட்டும். கொள்ளையே பூர்வீகச் சான்றிதழ்! பண்பாட்டின் ஒவ்வொரு ஆவணமும் காட்டுமிராண்டித்தனத்தின் ஆவணம்தான் என்ற பொருளில் வால்டர் பெஞ்சமின் எழுதியது இந்தப் பட்டியல்களைப் பார்த்துத்தானோ என்று இருக்கிறது.

தோற்ற அரசன் பொருளுக்கே இந்தக் கதி என்றால் மற்றதெல்லாம்? 1855-இல் தஞ்சை மராத்திய அரசு கும்பினியோடு இணைக்கப்பட்டது. அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த வாள், கட்டாரி, ஈட்டி, துப்பாக்கி எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன. 1860-களில் அதில் பெரும்பகுதி உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1878-இல் இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். தப்பிப் பிழைத்ததில் ஒரு பகுதி இன்று எழும்பூர் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள். எது அழகு, எது ஆக்கர் என்று பிரித்த கண் ஆட்சியாளனின் கண். அழகானது அலமாரிக்கு, மீதி உலைக்கு. ரசனை என்பது இங்கே தோற்றவனின் இரும்பைத் தரம் பிரிக்கிற வேலையாக இருந்தது.

4

ஆயுதம் பறித்தலும் ஆயுத ரசனையும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு.

1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு மேஜர் பானர்மன் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதே டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையச் சீமைகளில் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து அறிக்கை விட்டார். மருதுவிடம் வளரி வீசக் கற்றுக்கொண்டதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிய ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரியே பின்னால் மருதுவை வேட்டையாடிய படையிலும் இருந்தார். வளரியைத் தமிழன் கையிலிருந்து பிடுங்கினார்கள். இங்கிலாந்து அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள். கையிலிருந்து போனால்தான் சுவருக்கு வரும்.

1857-க்குப் பிறகு இது நாடு முழுவதுக்குமானது. லிட்டன் பிரபு காலத்தில் 1878-இல் இரண்டு சட்டங்கள் வந்தன: ஒன்று வட்டார மொழிப் பத்திரிகைச் சட்டம், மற்றொன்று ஆயுதச் சட்டம். எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஜோடி. பத்திரிகைச் சட்டத்திலிருந்து தென்னாட்டுக்கு விலக்கு இருந்தது, அதுவும் சில ஆண்டுகளிலேயே ரத்தாயிற்று. ஆயுதச் சட்டம் நின்றது. இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம் என்பது அதன் ஆரம்ப வடிவம். 1918-இல் காந்தியே இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார் என்பதை அகிம்சைக்காரர்கள் அவ்வளவாக நினைவுபடுத்துவதில்லை.

விடுதலைக்குப் பின் 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறியது. அதே 1959-இல்தான் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் வெளியானது. திரையில் பாளையக்காரன் வாளை உருவியபோது தமிழ்நாடே கைதட்டியது. இனி வாளும் துப்பாக்கியும் திரையில்தான் என்று டில்லியில் முடிவானது. பழைய இனப் பாகுபாடு ஏட்டளவில் போயிற்று. அதன் இடத்தில் சொத்துப் பாகுபாடு வந்து உட்கார்ந்தது. விதிவிலக்கும் உண்டு. குடகர்களுக்கும் அங்கே ஜம்மா நிலம் உடையோருக்கும் காலனியக் காலத்திலிருந்து வரும் விலக்கு 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை, நீட்டிக்கப்பட்டது. அவர்களுடைய விழாவில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை நடக்கிறது. அது பண்பாடு. சித்தேரி மலையில் ஒரு மலையாளிக் குடும்பத்துப் பரணில் இருந்தால் அது கள்ளத் துப்பாக்கி. எனக்குக் குடகர்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. விசுவாசத்துக்குப் பரிசாகக் கிடைத்தது மரபாக ஆகிவிடுகிறது, பரிசு கிடைக்காதவனின் மரபு குற்றமாகிவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

பழைய துப்பாக்கியைப் பற்றி இச்சட்டம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் விசேஷம். பிரிவு 45(சி)யின்படி, வழக்கொழிந்த மாதிரியோ தொல்பொருள் மதிப்புடையதோ பழுதானதோ ஆன ஆயுதத்துக்குச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. அது சுடக் கூடாது. அப்படியே சுடக் கூடாது என்பது மட்டுமில்லை, பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். மீட்டெடுக்க முடியாதது என்று நிரூபித்தால்தான் அதைப் பழம்பொருளாக வைத்துக்கொள்ளலாம். மீட்க முடியும் என்றால், மீட்பவனின் கையில் திறமை இருக்கிறது என்றால், அது மறுபடி ஆயுதம். பழுது பார்ப்பதற்கே பிரிவு 5-இன் கீழ்த் தனி உரிமம் தேவை. பட்டறைக்காரர் "பேச்சே வேணாம்" என்றதன் சட்டப் பொழிப்புரை இதுதான். அவருடைய தகப்பனின் திறமைதான் குற்றத்தின் கருவி.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத, ஒரு காலத்தின் கைவினையைக் காட்டுகிற எந்தப் பொருளும் தொல்பொருளாகலாம். அப்படியானால் மலைக் கிராமத்திலிருந்து வருகிற நூறு வயதுத் துப்பாக்கி எந்தச் சட்டத்துக்குச் சொந்தம்? காவல் நிலையத்துக்கா, அருங்காட்சியகத்துக்கா? நடைமுறையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. 'உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு கிடையாது' என்று அறிவிப்பு வரும். ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகக் கொண்டுவந்து பொது இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் அதிகாரிகள் அவற்றை வரிசையாக அடுக்கி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அடுத்த நாள் பத்திரிகையில் எண்ணிக்கை வரும். யார் செய்தது, எந்தக் காலத்தது, எந்த மரம், எப்படிப்பட்ட விசை என்று ஒரு வரி வராது. தஞ்சாவூர்க் குவியலுக்கும் இந்தக் குவியலுக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு கடந்திருக்கிறது. குவியல் அதேதான்.

5

இந்தக் கதை எழுத்தாளர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நமக்கு மீட்டெடுப்பு புதிதில்லை. சுவடிப் பதிப்பு என்பது அதுதானே? செல்லரித்த ஏட்டிலிருந்து உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்ததும் துருவைப் படித்த வேலைதான். எது பாடம், எது இடைச்செருகல், எது எழுதினவன் பிழை என்று பிரித்தார். பல கைகள் தொட்ட பிரதியிலிருந்து ஒரு மூலத்தை நிறுத்தினார். மகத்தான வேலை. ஆனால் மூலம் நின்றவுடன் நடுவில் தொட்ட கைகள் எல்லாம் பாடபேதம் என்ற அடிக்குறிப்புக்குப் போய்விட்டன.

இதற்கு எதிர்முனையில் இந்தத் தருமபுரி மண்ணில் ஆடுகிற பாரதக் கூத்து இருக்கிறது. அதற்கு மூலம் எது? வாத்தியார் நோட்டு ஒன்று வைத்திருப்பார். ஆடுகிறவன் அன்றைய கூட்டத்தைப் பார்த்துக் கூட்டுவான், குறைப்பான். கட்டியங்காரன் நேற்றைய ஊர்ச்சண்டையை உள்ளே கொண்டுவருவான். பழுதான இடத்தில் புதுத்துண்டு ஒட்டுவார்கள், ஒட்டு தெரியும், யாரும் வெட்கப்பட மாட்டார்கள். கூத்து பழசாகவும் இருக்கிறது, நேற்றுச் செய்ததாகவும் இருக்கிறது.

லண்டன் மீட்பாளன் செய்வது பதிப்பு. நம் பட்டறைக்காரர் தகப்பன் செய்தது கூத்து. நாட்டுத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு காலம் இல்லை, பல காலங்கள் அடுக்கி இருக்கின்றன. திரி வைத்துச் சுட்ட பழைய குழலுக்குப் பின்னால் யாரோ கேப் வைக்கிற விசை பொருத்தியிருப்பான். கட்டை ஒரு தலைமுறையில் மாறியிருக்கும், அடுத்ததில் விரிந்து கம்பி சுற்றியிருக்கும். பூண் எந்தப் பாத்திரத்திலிருந்து வந்ததோ. சேகரிப்பாளன் கண்ணுக்கு இது கலப்படம், விலை போகாது. எனக்கென்னவோ இதுதான் முழுமையான ஆவணம் என்று படுகிறது. தட்டுப்பாடு எதில் இருந்தது, எதை எதற்கு மாற்றாகப் பயன்படுத்தினார்கள், எந்தத் தொழில்நுட்பம் எப்போது ஊருக்குள் நுழைந்தது என்பதெல்லாம் அந்த ஒட்டுகளில் இருக்கிறது. இதை 'அசல் நிலைக்கு' மீட்கிறேன் பேர்வழி என்று கம்பியைக் கழற்றினால் ஒரு மனிதனின் கைவேலை போச்சு.

சொற்களிலும் இதே அடுக்கு. 'துப்பாக்கி' துருக்கியிலிருந்து வந்தது. 'பீரங்கி' பறங்கியோடு வந்தது. வந்தவற்றைத் தமிழ் தன் உறுப்புகளோடு சேர்த்துக்கொண்டது. சுத்தியல்போல் விழும் இரும்பு நமக்குக் 'குதிரை'. உள்ளே இடும் தூள் 'மருந்து'. ஈயக்குறுணி 'ரவை'. கொல்லுப்பட்டறையும் சமையலறையும் வைத்தியமும் கலந்த சொல்லகராதி. துப்பாக்கிகள் உலைக்குப் போகிறபோது இதுவும் போகிறது. தனித்தமிழ்ப் பண்டிதர் யாரும் இதற்காகக் கண்ணீர் விடப் போவதில்லை; இந்தச் சொற்களில் பாதி அவர் கணக்கில் துரு.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் சாதிகளும் இருக்கின்றன. வெடியுப்புக் காய்ச்சிய உப்பிலியர், குழல் அடித்த கொல்லர், கட்டை இழைத்த தச்சர், பறவை வேட்டைக்குத் துப்பாக்கியைத் தோளில் மாட்டித் திரிந்த நரிக்குறவர். வீரத்தின் வரலாற்றில் சுட்டவன் பெயர்தான் வருகிறது. இந்த மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல் நிற்கிறது. பிற்காலக் கற்களில் துப்பாக்கி ஏந்தியவர்களும் உண்டு. வில்லும் வாளும் துப்பாக்கியும் செய்தவனுக்குக் கல் ஏது?

6

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் உற்சாகமாகிவிடக்கூடும். 'அப்படியென்றால் நாட்டுத் துப்பாக்கி என்பது எதிர்ப்பின் சின்னம், அதைக் கொண்டாடுவோம்' என்று. கொஞ்சம் நில்லுங்கள். சேகரிப்பாளனின் மெருகு ஒரு பொய் என்றால் நம்முடைய செம்மெருகும் ஒரு பொய்தான்.

நாட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் யாரைச் சுட்டது? காட்டுப்பன்றியை, முயலை, காடையை. பல சமயம் சுட்டவனையே. குழல் பிளந்து விரல் போனவர்களும் கண் போனவர்களும் மலையூர்களில் உண்டு. அவர்கள் எந்த வர்க்கப் போரிலும் காயம்பட்டவர்கள் அல்ல. குடித்துவிட்டு அண்ணன் தம்பியைச் சுட்டதும், பொண்டாட்டியை மிரட்டியதும் இதே துப்பாக்கிதான். துப்பாக்கியை வைத்து ஆண்மை பேசுகிற தமிழ் சினிமாவின் ரசனைக்கும், புரட்சிப் போஸ்டரில் முஷ்டியோடு சேர்த்துத் துப்பாக்கி வரைகிற ரசனைக்கும் நாம் நினைக்கிற தூரம் இல்லை. இரண்டிலும் அது ஆணின் உறுப்பு.

1980-இல் இந்த மாவட்டத்தில் நக்சல்பாரி இளைஞர்களை 'மோதலில்' சுட்டுக்கொன்றது எந்தத் துப்பாக்கி என்பது நமக்குத் தெரியும். 2004 அக்டோபர் 18-இல் பாப்பாரப்பட்டிப் பக்கம் வீரப்பன் கதை முடிந்தபோது வெடித்ததும் அரசுத் துப்பாக்கிகள்தாம். அதற்கு வெகு முன்னால் 1992 ஜூன் 20-இல் அரூர் வட்டம் வாச்சாத்தியில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்தபோது அந்த மலையாளி மக்கள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்ற பேரில் சூறையாடப்பட்டார்கள். 18 பெண்கள் வன்புணரப்பட்டார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த மக்கள் வென்றது துப்பாக்கியால் இல்லை. முப்பது வருஷம் படியேறிய கால்களாலும், சங்கத்தாலும், திரும்பத் திரும்பச் சாட்சி சொன்ன பெண்களின் வாயாலும். பரணில் துப்பாக்கி இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று கற்பனை செய்வது அந்தப் பெண்களை அவமதிப்பது.

ஆகவே நான் கேட்பது துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை இல்லை. மெருகேற்றிய துப்பாக்கியைச் சுவரில் மாட்டும் உரிமையும் இல்லை. உரிமத் துப்பாக்கி யார் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது என்பதைக் கிராமத்தில் பிறந்த தலித்துகளைக் கேட்டால் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. ஒரு சமூகத்தின் கைத்திறமை குற்றப் பத்திரிகையில் மட்டுமே பதிவாக வேண்டுமா?

7

செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. பெரிய காரியங்களும் இல்லை.

ஒப்படைக்கப்படும், பறிமுதலாகும் பழைய துப்பாக்கிகளை அழிப்பதற்கு முன்னால் தொல்லியல் துறையோ அருங்காட்சியகத் துறையோ ஒருமுறை பார்க்கட்டும். படம் எடுத்து, அளந்து, மரமும் விசையும் ஒட்டும் குறித்து வைக்கட்டும். தகுதியானதைச் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களுக்குப் பக்கத்தில் வைக்கட்டும். துருவோடு, செப்புக் கம்பியோடு. மெருகு வேண்டாம். சீட்டில் பெயர் தெரியாத 'வேட்டைக்காரன்' என்று மட்டும் எழுதாமல், செய்தவன் எந்தத் தொழிற்சாதி, எந்த ஊர், பழுது பார்த்தது எத்தனை முறை என்பதையும் எழுதட்டும். பறவை வேட்டைக்காக 1972 வனவிலங்குச் சட்டத்தால் குற்றவாளிகளாகி, அரை நூற்றாண்டு கழித்து 2023 ஜனவரியில் பழங்குடிப் பட்டியலுக்கு வந்த நரிக்குறவரிடம் இன்று மிஞ்சியிருக்கிற தொழிலறிவை அவர்கள் மொழியிலேயே பதியட்டும். வழக்கு வராது என்ற உத்தரவாதத்தோடு. அந்த உத்தரவாதம் இல்லாமல் எந்தப் பட்டறைக்காரரும் வாய் திறக்க மாட்டார், திறக்கவும் கூடாது.

அரசு செய்யாது என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. சொற்களைச் சேகரிக்க உரிமம் தேவையில்லை. கதை எழுதுகிறவர்கள், களப்பணி செய்கிறவர்கள் ஒரு நோட்டோடு போய் உட்காரலாம். துப்பாக்கியைப் பற்றிக் கேட்க வேண்டாம். தகப்பனைப் பற்றிக் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. 'மருந்து' இந்தப் பக்கத்தை விட்டுப் போய்விடவில்லை. வேட்டையிலிருந்து விரட்டப்பட்ட அது கூலி வேலையாக வந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் கம்பைநல்லூர் அருகே பட்டாசுக் கிடங்கில் வெடித்து மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். உரிமம், விதி, ஆய்வு, நிவாரணம் என்று சில நாள் பேச்சு ஓடியது, அப்புறம் ஓய்ந்தது. பரணில் கிடக்கிற துருப்பிடித்த குழலைத் தேடித் தேடி எடுக்கிற அரசுக்கு, தினமும் மருந்தைத் தொடுகிற பெண்ணின் கையைப் பார்க்க நேரமில்லை. ஆயுதத்தின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்களும் சரி, ஆயுதத்தின் அரசியலைப் பற்றிப் பேசுகிறவர்களும் சரி, நாம் எல்லோருமே அந்தக் கைகளைப் பார்க்கத் தவறியவர்கள்தாம்.

பட்டறையை விட்டுக் கிளம்பும்போது கட்டையை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவர் எழுந்து வந்து அதைக் கொஞ்சம் நகர்த்தி, கம்பி சுற்றிய பக்கம் சுவரோரமாகப் போகிறமாதிரி திருப்பி வைத்தார். கதவு இடித்து அது நசுங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.